ஈரம் காயும்வரை

அறுவை அரங்கில் நோயாளி மயக்கத்தில் ஆழ்ந்த பிறகு, கத்தி தோலைத் தொடுவதற்கு முன்பு, எல்லோரும் சும்மா நிற்க வேண்டிய சில நிமிடங்கள் உண்டு. வயிற்றிலோ முழங்காலிலோ பூசிய கிருமிநாசினி காய்வதற்காகக் காத்திருக்கும் நேரம் அது. கையுறை அணிந்த கைகளை மார்புக்கு நேராகச் சேர்த்துக்கொண்டு அறுவை மருத்துவர் நிற்பார். துணிகளை விரிக்கத் தயாராக உதவியாளர் நிற்பார். மயக்க மருத்துவர் மட்டும் தன் திரையைக் கவனித்துக்கொண்டிருப்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீணாகும் நேரமாகத் தோன்றும். உள்ளே நிற்கும் எங்களில் சிலருக்கே பல நாள் அப்படித் தோன்றியிருக்கிறது. 19 ஆண்டுகளாக அறுவை அரங்கில் செவிலியராகப் பணிபுரியும் நான், நோயாளிக்கு நாங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவிகளுள் ஒன்று அந்த நிமிடங்களை அவருக்கு முழுமையாகக் கொடுப்பது என்று நம்புகிறேன்.

"அந்தப் பழுப்பு மருந்தைப் பூசிய பிறகும் எப்படி சிஸ்டர் சீழ் பிடிக்கும்?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. வார்டு வாசலில் நின்றபடி இரண்டு வரியில் ஏதோ சொல்லிவிட்டு நகர வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு உரிய பதிலைப் பொறுமையாக எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம்.

முதலில் என் கைகளால் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. அன்றைய பட்டியலில் நோயாளிகள் அதிகம். காலையில் தொடங்கிய முதல் அறுவையே நீண்டுபோயிருந்தது. அடுத்தவர் குடலிறக்கத்துக்காக வந்தவர். பொவிடோன் அயோடின் என்னும் அந்தப் பழுப்புக் கிருமிநாசினியில் நனைத்த காஸ் துணியால் அவருடைய அடிவயிற்றையும் தொடை இடுக்கையும் முறைப்படிதான் பூசினேன். பூசி முடித்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. "துடைத்துவிடுங்கள் சிஸ்டர், நேரமாகிறது" என்றார் மூத்த மருத்துவர். உலர்ந்த காஸ் ஒன்றை எடுத்து, இன்னும் பளபளத்துக்கொண்டிருந்த ஈரத்தை ஒற்றி எடுத்தேன். அடர்ந்த பழுப்பு நிறம் துணிக்கு வந்துவிட்டது. தோலில் வெளிறிய மஞ்சள் மட்டும் எஞ்சியது. எட்டாம் நாள் அவர் திரும்பி வந்தார். தையலின் ஒரு முனை சிவந்து தடித்திருந்தது. ஒரு தையலைப் பிரித்தவுடன் கெட்டியான சீழ் வெளிப்பட்டது. ஏழு வாரங்கள் அவருக்குக் கட்டுப்போட வேண்டியிருந்தது. நான் துடைத்ததுதான் அதற்குக் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது; வேறு பத்துக் காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்தக் காஸ் துணியின் நிறம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அவருடைய தோலில் இருந்து வேலை செய்ய வேண்டிய மருந்தை நான் குப்பைத் தொட்டியில் போட்டேன் என்பது மட்டும் உறுதி.

அறுவைப் புண்ணில் தொற்று என்றவுடன் அரங்கின் காற்றையும் கருவிகளையும்தான் பலரும் சந்தேகிக்கிறார்கள். அவை காரணமாவதும் உண்டு. ஆனால் பெரும்பாலான நேரங்களில் கிருமி வருவது நோயாளியின் தோலிலிருந்தும் மூக்கிலிருந்தும் குடலிலிருந்தும்தான். புண்ணில் அதிகம் காணப்படும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா, நலமாக இருக்கும் மனிதர்களிலேயே ஏறக்குறைய பத்துப் பேரில் மூவருடைய மூக்கில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. தோலின் மேற்பரப்பில் இருப்பவற்றைக் கிருமிநாசினி எட்டிவிடும். மயிர்க்கால்களிலும் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் பதுங்கியிருக்கும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை எதுவும் முழுமையாக எட்டுவதில்லை. ஆகவே தோலைக் கிருமியே இல்லாததாக ஆக்குவது எங்களால் இயலாத காரியம். கருவிகளைக் கொதிநீராவியில் வைத்து அப்படி ஆக்கலாம். உயிருள்ள தோலை வைக்க முடியாது. கிருமிகளின் எண்ணிக்கையை உடலின் எதிர்ப்புச் சக்தி சமாளிக்கக்கூடிய அளவுக்குக் கீழே இறக்குவதுதான் எங்கள் வேலை. அந்த அளவும் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. வெறும் திசுவில் சீழ் பிடிக்கப் பல லட்சம் பாக்டீரியாக்கள் தேவைப்படும் இடத்தில், ஒரு பட்டுத் தையல் நூலோ வலையோ உலோகத் தகடோ உள்ளே இருந்தால் சில நூறு போதும். மூட்டு மாற்று அறுவைகளின்போது நாங்கள் இவ்வளவு கெடுபிடி காட்டுவதற்கு இதுவே காரணம்.

இந்த எண்ணிக்கையைக் குறைக்கும் வேலையை ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. ஒவ்வொன்றும் தனக்கான நேரத்தைக் கேட்கிறது. 1950-களில் புழக்கத்துக்கு வந்த பொவிடோன் அயோடினில், அயோடின் ஒரு பெரிய மூலக்கூறோடு பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடுபடும் தனி அயோடின்தான் கிருமியின் உள்ளே புகுந்து அதன் புரதங்களைச் சிதைக்கிறது. விடுபடுவதற்கு அவகாசம் வேண்டும் என்பதால்தான் குறைந்தது இரண்டு நிமிடமாவது அது தோலில் இருந்து, தானாகக் காய வேண்டும் என்கிறோம். இரத்தமும் சீழும் பட்டால் அதன் வலிமை வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே அழுக்கு படிந்த தோலின் மேல் நேராக ஊற்றுவதில் பயனில்லை. முதலில் கழுவ வேண்டும்.

அதே பத்தாண்டில் வந்த குளோர்ஹெக்சிடின் வேறு வகை. அதன் மூலக்கூறு நேர்மின்னூட்டம் கொண்டது. பாக்டீரியாவின் வெளிச்சுவர் எதிர்மின்னூட்டம் கொண்டது. அது சுவரில் ஒட்டிக்கொண்டு அதைக் கிழிக்கிறது. தோலோடும் அது ஒட்டிக்கொள்வதால், அறுவை முடிந்து பல மணி நேரம் வரை அங்கே காவல் இருக்கும். இரத்தம் பட்டாலும் அயோடின் அளவுக்கு அது சோர்ந்துபோவதில்லை. ஆனால் சாதாரண சோப்பு அதைச் செயலிழக்கச் செய்துவிடும். சோப்பு போட்டுக் குளித்தவர் நன்றாக நீர் ஊற்றி அலசிக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான். மூன்றாவதான ஆல்கஹால் எல்லாவற்றிலும் வேகமானது. விநாடிகளில் புரதத்தை உறையவைக்கும். தண்ணீர் கலவாத ஆல்கஹாலைவிட 70 விழுக்காடு ஆல்கஹால்தான் வலிமையானது, ஏனென்றால் புரதம் சிதைவதற்கு நீரும் தேவைப்படுகிறது. ஆவியான பின் அதன் வேலை முடிந்துவிடும் என்பதால், நின்று காக்கும் குளோர்ஹெக்சிடினோடோ அயோடினோடோ அதைச் சேர்த்துத் தருகிறார்கள்.

எந்தப் புட்டி சிறந்தது என்பதில் மருத்துவ உலகில் நீண்ட வாதம் நடந்துவருகிறது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், 849 நோயாளிகளிடையே ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் பூசப்பட்டவர்களுக்கு 9.5 விழுக்காடும், நீரில் கரைத்த பொவிடோன் அயோடின் பூசப்பட்டவர்களுக்கு 16.1 விழுக்காடும் தொற்று ஏற்பட்டது. அதைப் படித்த பலரும் அயோடினின் காலம் முடிந்துவிட்டதாகவே முடிவுகட்டினார்கள். ஆனால் அந்த ஒப்பீட்டில் ஒரு பக்கம் ஆல்கஹால் இருந்தது, மறுபக்கம் இல்லை. வென்றது குளோர்ஹெக்சிடினா ஆல்கஹாலா என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. வருமானம் குறைந்த, நடுத்தர வருமானம் கொண்ட நாடுகளின் மருத்துவமனைகளில் 5,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான பெரிய ஆய்வில், நீரில் கரைத்த அயோடினைவிட ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடின் மேலானது என்று காட்ட முடியவில்லை. இரண்டு பக்கமும் ஆல்கஹாலை வைத்து இதய, வயிற்று அறுவைகளில் ஒப்பிட்ட 2024-ஆம் ஆண்டின் ஆய்விலும் அயோடின் பின்தங்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்சிடினையே பரிந்துரைக்கிறது. கையில் அது இருக்குமானால் நானும் அதையே எடுப்பேன். இருந்தாலும், புட்டியின் பெயரைப் பற்றி விவாதிப்பதில் பாதி அக்கறையையாவது அதைப் பூசும் விதத்தில் காட்டினால் இன்னும் பல நோயாளிகள் சீழின்றி வீடு திரும்புவார்கள் என்பது என் அனுபவத்தில் எழுந்த எண்ணம்.

பூசும் விதம் என்றால் என்ன? அயோடின் என்றால், கீறல் விழப்போகும் இடத்தில் தொடங்கி வட்டம் வட்டமாக வெளிநோக்கிச் செல்ல வேண்டும். ஓரத்தைத் தொட்ட துணி நடுவுக்குத் திரும்பக் கூடாது. தொப்புளைத் தனியாக ஒரு பஞ்சால் சுத்தம் செய்ய வேண்டும். அதன் மடிப்புக்குள் எவ்வளவு அழுக்கு இருக்கும் என்பதை முதல்முறை பார்க்கும் மாணவிகள் திகைத்துப்போவார்கள். தொடை இடுக்கு, அக்குள் போன்ற இடங்கள் கடைசியாக. குளோர்ஹெக்சிடினும் ஆல்கஹாலும் கலந்த கரைசல் என்றால், வட்டம் போடுவதைவிட முன்னும் பின்னுமாக அழுத்தித் தேய்ப்பதே நல்லது. உலர்ந்த தோலில் அரை நிமிடம், வியர்வை தங்கும் மடிப்புகளில் இரண்டு நிமிடம் தேய்த்துவிட்டு, மூன்று நிமிடமாவது காய விட வேண்டும்.

அந்த மூன்று நிமிடத்துக்குக் கிருமியைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆல்கஹால் எரியும். அதன் ஆவி மறைப்புத் துணிகளுக்கு அடியில் தேங்கியிருக்கும்போது மின்சாரத்தால் திசுவை வெட்டி இரத்தக் கசிவைச் சுட்டு நிறுத்தும் டயாதெர்மி கருவியின் பொறி பட்டால் தீப்பற்றும். ஆல்கஹாலின் சுடர் அரங்கின் விளக்கொளியில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். முதுகுக்கு அடியில் வழிந்து தேங்கிய கரைசல்தான் மிகவும் ஆபத்தானது. பூசத் தொடங்கும் முன்பு இரண்டு பக்கமும் துண்டுகளைச் செருகிவைத்து, பூசி முடித்ததும் ஈரமான அந்தத் துண்டுகளை உருவி எடுத்து, கையை அடியில் விட்டுத் தடவிப் பார்க்காமல் நான் மறைப்புத் துணி விரிக்க விடுவதில்லை. அடர்ந்த முடியுள்ள இடத்தில் ஈரம் காய ஒரு மணி நேரம்வரைகூட ஆகலாம். கண், உட்காது, மூளை உறை ஆகியவற்றுக்குப் பக்கத்தில் குளோர்ஹெக்சிடின் போகக் கூடாது. கருவிழியைப் புண்ணாக்கும், கேட்கும் திறனைக் கெடுக்கும். அரிதாகச் சிலருக்கு அதனால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வருவதுண்டு. ஆகவே முன்பு ஏதாவது கிருமிநாசினி பட்டுத் தோல் தடித்திருந்தால், சிறிய விஷயம் என்று ஒதுக்காமல் அதைச் சொல்லிவிட வேண்டும்.

கிருமிநாசினிப் புட்டிக்குள்ளேயே கிருமி வாழும் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். 1980-ஆம் ஆண்டையொட்டி, தயாரிப்பு நிலையிலேயே பொவிடோன் அயோடினில் சூடோமோனாஸ் வகை பாக்டீரியா கலந்து, நோயாளிகள் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அது தொழிற்சாலையில் நேர்ந்தது. வார்டுகளில் நேர்வது வேறு: பெரிய கேனிலிருந்து சிறிய புட்டிக்கு ஊற்றுவதும், அது பாதி காலியானதும் கழுவாமல் அதன் மேலேயே மறுபடி நிரப்புவதும். நான் முன்பு பணிபுரிந்த ஓரிடத்தில் அப்படியொரு புட்டியின் அடியில் விரலால் தடவினால் வழுவழுப்பாக ஒரு படலம் ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மேலே ஒட்டிய சீட்டில் மருந்தின் பெயர் இருந்தது. திறந்த தேதி இல்லை. அன்றிலிருந்து, தேதி எழுதாத புட்டியை நான் தொடுவதில்லை. ஒருமுறைக்கு மட்டும் பயன்படும் சிறிய பொதிகளின் விலை அதிகம் என்று வாதிடுபவர்களிடம், ஒரு சீழ்ப் புண்ணுக்கு எத்தனை நாள் கட்டுப்போட வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்க்கச் சொல்வேன்.

கைகளைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணவறையிலிருந்து பிரசவ அறைக்கு வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் இறப்பு, கோடைக்குள் நூற்றுக்கு இரண்டளவுக்கு இறங்கியது. 1865 ஆகஸ்ட் 12 அன்று கிளாஸ்கோவில் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர், வண்டிச் சக்கரம் ஏறி எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளிவந்திருந்த பதினொரு வயதுச் சிறுவனின் காலில் கார்பாலிக் அமிலம் என்னும் கிருமிநாசினியில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். அந்தக் காலத்தில் காலையே வெட்டி எடுத்திருப்பார்கள். அவன் ஆறு வாரங்களில் குணமடைந்தான்.

ஒரு செவிலியராக என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானது இவற்றை அடுத்து நடந்தது. 1889-ஐ ஒட்டி, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை அரங்கின் தலைமைச் செவிலியராக இருந்த கரோலின் ஹாம்ப்டனின் கைகள், கிருமிநாசினியாகப் பயன்பட்ட பாதரசக் குளோரைடு கரைசல் பட்டுப் பட்டு வெந்துபோயின. அவர் வேலையை விட்டுவிடக் கூடாது என்பதற்காக அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் மெல்லிய ரப்பர் கையுறைகளைச் செய்து வாங்கிக் கொடுத்தார். இன்று உலகமெங்கும் நோயாளியைக் காக்கும் கையுறை, முதலில் ஒரு செவிலியின் புண்பட்ட கைகளுக்காக வந்தது. அந்தப் பாதரசக் கரைசல் போய்விட்டது. ஆனால் விரல் இடுக்குகள் வெடித்து எரிவதால் கை தேய்க்கத் தயங்கும் இளம் செவிலியர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டிப்பதற்கு முன் அவர்கள் கைகளைப் பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் அறுவைக்கு முன் பிரஷ் கொண்டு பத்து நிமிடம் தேய்ப்போம். தோல் சிராய்ந்து அதிலேயே கிருமிகள் குடியேறும். 2002-இல் பிரான்சில் 4,300-க்கும் மேற்பட்ட அறுவைகளை வைத்து நடந்த ஆய்வில், தேய்த்துக் கழுவியபோதும் ஆல்கஹால் கரைசலைத் தடவிக்கொண்டபோதும் தொற்று விகிதம் 2.5 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது; தடவிக்கொண்டவர்கள் முறையை ஒழுங்காகப் பின்பற்றியதும் தெரியவந்தது. கரைசல் உலரும்வரை கைகளைத் தேய்க்க வேண்டும். ஈரக் கையைக் கையுறைக்குள் நுழைக்கக் கூடாது.

அறுவைக்கு முந்தைய இரவு நோயாளி செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் உண்டு. குளிக்க வேண்டும், சாதாரண சோப்பே போதும். சவரம் செய்யக் கூடாது. வீட்டிலேயே சவரக் கத்தியால் வயிற்றை மழித்துக்கொண்டு, சுத்தமாக வந்துவிட்டோம் என்ற திருப்தியோடு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தோலைச் சாய்வான விளக்கொளியில் உற்றுப் பார்த்தால், வழவழப்புக்கு நடுவே ஊசி முனை அளவுச் சிவந்த புள்ளிகளும் மயிரிழை போன்ற கீறல்களும் தெரியும். இரவு முழுவதும் ஒவ்வொரு கீறலிலும் பாக்டீரியா பெருகியிருக்கும். 1971-இல் வெளியான ஓர் ஆய்வில், கத்தியால் மழிக்கப்பட்டவர்களில் 5.6 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்தது. மழிக்காதவர்களிடமும் முடி நீக்கும் களிம்பு பூசியவர்களிடமும் அது 0.6 மட்டுமே. முடி இடைஞ்சலாக இருந்தால் அறுவைக்குச் சற்று முன் கிளிப்பரால் கத்தரித்துக்கொள்ளலாம். மூக்கில் ஸ்டஃபைலோகாக்கஸ் இருப்பது பரிசோதனையில் தெரிந்தால், இதய, எலும்பு அறுவைகளுக்கு முன்பு முப்பிரோசின் என்னும் ஆன்டிபயாடிக் களிம்பை மூக்கில் தடவச் சொல்வார்கள். களிம்பும் குளோர்ஹெக்சிடின் குளியலும் சேர்ந்து அந்தக் கிருமியால் வரும் தொற்றை 7.7 விழுக்காட்டிலிருந்து 3.4-க்குக் குறைத்ததாக 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஆன்டிபயாடிக் ஊசிதான் போடுகிறார்களே, பிறகு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் வரும். கீறலுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் போடும் அந்த ஊசி பல அறுவைகளில் அவசியமானது. தோலில் பூசுவதற்கு அது மாற்றாகாது. அறுவை முடிந்த பின்னும் தடுப்புக்காக என்று நாள்கணக்கில் தொடர்வதால் தொற்று குறைவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் வளர்கின்றன. கிருமிநாசினி சரியாகக் காய்ந்திருந்தால் என்ற எண்ணம், ஏழாம் நாள் ஊசியை எழுதிக் கொடுக்கும் மருத்துவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருகிறது.

சென்ற வாரம் எங்கள் அரங்கில், பணியில் சேர்ந்து நான்கு மாதமே ஆன செவிலியர் ஒருவர் பூசி முடித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மருத்துவர் துணிக்காகக் கையை நீட்டினார். "இன்னும் ஒன்றரை நிமிடம் இருக்கிறது டாக்டர்" என்றார் அந்தப் பெண். குரல் சற்று நடுங்கத்தான் செய்தது. மருத்துவர் கையை மடக்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் நாளில் பலரும் அந்தப் பழுப்பு மருந்தில் ஒரு புட்டி கேட்கிறார்கள், தினமும் தையலின் மேல் ஊற்றுவதற்காக. சுத்தமாகத் தைத்து மூடிய புண் ஏறக்குறைய இரண்டு நாளில் மேல்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு வறண்டும் சுத்தமாகவும் இருந்தால் போதும், மருத்துவர் தனியாகச் சொன்னாலொழிய ஊற்ற வேண்டியதில்லை. தொடுவதற்கு முன் கை கழுவுங்கள். தொற்று அறுவையன்றே தெரிவதில்லை. 30 நாள்வரை, உள்ளே தகடோ செயற்கை மூட்டோ வைத்திருந்தால் 90 நாள்வரை கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். தையலைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, குறைந்துவந்த வலி மறுபடி கூடினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கட்டுத்துணியில் கலங்கலான ஈரம் தெரிந்தாலோ, மறுபரிசோதனை நாள் வரட்டும் என்று தள்ளிப்போடாமல் அன்றே காட்டிவிடுங்கள்.